வாங்கிய கருவி பீரோ மேல் ஏறாமல் இருக்க

எங்கள் வீடு காரிமங்கலத்துக்குப் பக்கம். அம்மாவும் அப்பாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், தம்பி பெங்களூருவில். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகள் இப்படித்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது, பெரியவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஏதாவது ஒரு மின்கருவியைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போகிறோம்.

நான் முதலில் அப்பாவுக்கு வாங்கியது ஸ்மார்ட் வாட்ச். இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். அதற்கென்று தனி வயர், போனில் ஒரு ஆப், அந்த ஆப்புக்கு ஒரு பாஸ்வேர்டு. ஒரே வாரத்தில் வாட்ச் பெட்டிக்குள் போனது, பெட்டி பீரோ மேல் ஏறியது. அதே வருடம் தலையில் மாட்டும் லைட் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தேன். விலை ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. ராத்திரி மோட்டார் போடப் போகும்போதும், விடியற்காலையில் அம்மாவோடு குண்டுமல்லி பறிக்கப் போகும்போதும் அப்பா அதைத்தான் மாட்டிக்கொள்கிறார். பழசு போய் இப்போது வைத்திருப்பது மூன்றாவது லைட்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கருவி வாங்கவே தெரிந்தது. முதல்முறையாக வீட்டுக்கு வாங்கப் போகிறவர்களுக்கு, எந்த வரிசையில் யோசிக்க வேண்டும், எதை வாங்கலாம், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் வேலை: கடைக்குப் போகாமல் வீட்டைப் பாருங்கள்

ஊருக்குப் போனால் இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். கரண்ட் போனால் யார் எங்கே தடுமாறுகிறார்கள்? மாத்திரை அட்டையைப் படிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? போன் எப்போது சார்ஜ் இல்லாமல் அணைந்துபோகிறது? சாவியை ஒரு நாளைக்கு எத்தனை முறை தேடுகிறார்கள்? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால் "எனக்கு எதுவும் வேணாம்பா" என்றுதான் பதில் வரும். கேட்டுத் தெரியாதது பார்த்தால் தெரியும்.

அந்தத் தாளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கஷ்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கருவி, ஒன்றே ஒன்று. அது கைக்குப் பழகி இரண்டு மாதம் ஆன பிறகு அடுத்தது. மொத்தமாக நான்கு வாங்கிப் போனால் நான்கும் பெட்டியில்தான் இருக்கும்.

அடுத்தது: பயன்படுத்தப் போகிறவரின் கை

கருவியை இயக்கப்போவது நீங்கள் இல்லை. நீங்கள் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியாத நேரத்தில், உங்கள் அம்மா இயக்க வேண்டும். அதனால் மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, போனும் ஆப்பும் இல்லாமல் அந்தக் கருவி தன் வேலையைச் செய்ய வேண்டும். ஆப் இருப்பது தப்பில்லை, ஆனால் அது இருந்தால்தான் கருவி ஓடும் என்றால் பெரியவர்களுக்கு வேண்டாம்.

இரண்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சார்ஜர் வயரே அதற்கும் பொருந்த வேண்டும். இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் டைப்-சி முனைதான். லைட், பவர் பேங்க், ஹெட்போன் எல்லாவற்றையும் அதே முனையில் வாங்கினால் ஒரு வயர் தொலைந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். அப்பாவின் வாட்ச் தோற்றது இங்கேதான். அதன் வயர் வேறு எதற்கும் சேராது, வேறு எந்த வயரும் அதற்குச் சேராது.

மூன்று, பொத்தான் ஒன்றோ இரண்டோ போதும், எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

கடையில் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

பவர் பேங்க், சார்ஜர், எல்.இ.டி. பல்பு போன்றவை இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இல்லாமல் விற்கக் கூடாதவை. பெட்டியிலோ பொருளின் மேலோ பி.ஐ.எஸ். முத்திரைக்குப் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் அதன்பின் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்காகப் பதிவு செய்தது என்று காட்டும். பெட்டியில் இருக்கும் பெயரும் ஆப் காட்டும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள். ஒரு நிமிட வேலை. லித்தியம் பேட்டரி உள்ள பொருளில் இதை நான் ஒருபோதும் விடுவதில்லை, ஏனென்றால் மட்டமான பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கும்.

எங்கே வாங்குவது? மின்கருவிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்தே அது சுமார் 90 கிலோமீட்டர். பழுதானால் மாற்ற அம்மா அங்கே போக முடியாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் டார்ச், வயர் எல்லாம் கிடைக்கும், அடுத்த வாரம் அதே கடைக்காரர் வருவாரா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் ஊரில் பில் போட்டுக் கொடுக்கும் கடையில்தான் வாங்குகிறேன். நூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை, அப்பா நேரில் போய் "தம்பி, இது எரியல" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வாங்கிய பவர் பேங்க் பத்தே நாளில் சார்ஜ் ஏறாமல் போனது. பில் இல்லாததால் மாற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். பில் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

வெளிச்சம்தான் முதலில்

எங்கள் பக்கம் முதல் கருவியாக எதை வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், லைட். வயல் வரப்பில் பாம்பு, ராத்திரியில் மோட்டார், பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் சாயங்காலம் வரை வராத கரண்ட்.

வீட்டுக்குள் என்றால் ரீசார்ஜ் ஆகும் எல்.இ.டி. பல்பு நல்லது. சாதாரண பல்பு போலவே ஹோல்டரில் மாட்டலாம். கரண்ட் இருக்கும்போது எரிந்துகொண்டே தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும், கரண்ட் போனால் தானாகப் பேட்டரிக்கு மாறும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். ஒரு சூட்சுமம் இருக்கிறது. கரண்ட் போனதும் பழக்கத்தில் சுவிட்சை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும். சுவிட்ச் போட்டபடியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன், பல்பு கெட்டுப்போனது என்று அவர் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் ஒன்று, பாத்ரூம் போகும் வழியில் ஒன்று போதும்.

வெளியே போக, தலையில் மாட்டும் லைட். இரண்டு கையும் சும்மா இருப்பதுதான் அதன் பெருமை. பூப்பறிக்கும்போது ஒரு கையில் டார்ச் பிடித்தால் பாதி வேலைதான் ஆகும். வெளிச்சத்தை லுமென் என்ற அளவில் சொல்வார்கள். கடையில் "லட்சம் லுமென்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அந்த அளவில் அவ்வளவு வெளிச்சம் வர வாய்ப்பே இல்லை. 200, 300 லுமென் உண்மையாக இருந்தாலே வரப்பும் செடியும் தெளிவாகத் தெரியும். எடை குறைவாக, பட்டை அகலமாக, நெற்றியில் சாய்க்க முடிகிற மாதிரி இருக்கிறதா என்று அவர்கள் தலையிலேயே மாட்டிப் பாருங்கள். மழைத்துளி பட்டால் தாங்குமா என்றும் கேளுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைட் இருக்கிறது என்ற தைரியத்தில் யானை நிற்கும் தோட்டத்துக்குள் போக வேண்டாம். லைட் வழி பார்க்க மட்டும். யானை வந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருங்கள். மோட்டார் போட மட்டுமே ராத்திரி போகிறீர்கள் என்றால், போனில் அழைத்து மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைக்கும் மொபைல் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் அதைக் கொடுத்திருக்கிறது. இப்போது கிடைக்குமா என்று வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பவர் பேங்க்: எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை எம்.ஏ.எச். என்ற அளவில் சொல்வார்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினால் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை முழுதாக நிரப்பலாம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவோம். அப்படி வராது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அளவு உள்ளே இருக்கும் செல்லுடையது. அந்த செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். 3.7-லிருந்து 5-க்கு ஏற்றும்போதே 10,000 என்பது 7,400 ஆகிவிடும். அப்புறம் மாற்றும்போது சூடாகவும் கொஞ்சம் போகும். மிஞ்சுவது ஏறக்குறைய 6,000. பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று அந்த உண்மையான அளவைப் போட்டிருப்பார்கள். இரண்டு பவர் பேங்கை ஒப்பிடும்போது அந்தச் சின்ன எழுத்தை ஒப்பிடுங்கள். அது இல்லாத பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு 10,000 போதும். 20,000 கனமாக இருக்கும், அதை நிரப்பவே ராத்திரி முழுக்க ஆகும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் என்றால் இன்னொன்று: பட்டன் போன் மிகக் குறைந்த கரண்ட்தான் இழுக்கும், சில பவர் பேங்க் 'எதுவும் மாட்டவில்லை' என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். வாங்கும்போது அந்தப் போனையே கொண்டுபோய் பத்து நிமிடம் மாட்டிப் பாருங்கள். குறைந்த கரண்டுக்கென்று தனி நிலை உள்ள மாடல்களும் உண்டு.

பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை பவர் பேங்கைச் சார்ஜ் போட வேண்டும். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்திருக்கிறோம், அம்மாவுக்கு அந்தத் தேதி மறக்காது.

பி.பி. மெஷினும் சுகர் மெஷினும்

இவை இரண்டையும் வாங்குவது சுலபம், சரியாகப் பார்ப்பதுதான் கஷ்டம். தப்பாகப் பார்த்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் விடுவதும் நடக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.பி. மெஷினில் மணிக்கட்டில் கட்டுவதை விட மேல் கையில் கட்டுவதை வாங்குங்கள். வாங்கும் முன் ஓர் இஞ்ச் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பொதுவாக வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக்கானது. கை அதைவிடப் பருமனாக இருந்தால் பெரிய பட்டை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இறுக்கமான சின்னப் பட்டையில் பி.பி. இருப்பதை விட அதிகமாகக் காட்டும்.

பார்க்கும் முறை இது. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள். முதுகு சாய நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். தரையில் சம்மணம் போட்டு, டி.வி. பார்த்துக்கொண்டே பார்க்கிற எண் கணக்கில் வராது. துணிக்கு மேல் கட்டாதீர்கள். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேலோ தலையணை மேலோ இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் காலண்டர் தாளிலேயே எழுதி, டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். ஒருநாள் எண் கூடியது என்று பயப்பட வேண்டாம், மாத்திரையை நீங்களாக மாற்றவும் வேண்டாம். ஆனால் நெஞ்சு வலியோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவதோ இருந்தால் மெஷினைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

சுகர் மெஷினுக்கு மாம்பழ மாதத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மே, ஜூனில் எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது காய் பிரிப்பார்கள், பழம் அறுப்பார்கள். ஒருநாள் அம்மாவுக்கு 300-ஐத் தாண்டிக் காட்டியது. பயந்து போன் செய்தார். "கை கழுவினீங்களாம்மா?" என்றேன். "இப்பத்தான் உன் அப்பாவுக்குப் பழம் அறுத்துக் குடுத்தேன், ஸ்பிரிட் பஞ்சால தொடச்சிட்டுத்தான் பாத்தேன்" என்றார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னேன். 160 சொச்சம். பழச்சாறு விரலில் ஒட்டியிருந்தால், அந்தச் சர்க்கரையும் ரத்தத் துளியோடு சேர்ந்து எண்ணைத் தூக்கிக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அதற்குப் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். விரல் ஈரமாக இருந்தாலும் தப்பாகும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. அழுத்திப் பிழியாதீர்கள், கையைக் கொஞ்சம் தொங்கவிட்டால் ரத்தம் தானாக வரும். ஊசி ஒருவருக்கு ஒன்று, ஒருபோதும் பகிரக் கூடாது. மெஷின் விலையைப் பார்க்காமல், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள், மாதாமாதம் செலவாவது அதுதான். அந்த ஸ்ட்ரிப் உங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மெஷினைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த அன்றே தேதியை அதன் மேல் பேனாவால் எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் நல்லது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். மூடியை உடனே மூட வேண்டும், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் வீண்.

தண்ணீர் மீட்டர்: நம் மாவட்டங்களுக்கு ஓர் எச்சரிக்கை

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் வைத்தால், ஒரு லிட்டரில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று ஓர் எண் காட்டும். குடிநீருக்கு 500-க்குள் நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆர்.ஓ. மெஷின் சரியாக வடிகட்டுகிறதா என்று பார்க்க இந்த மீட்டர் பயன்படும், அவ்வளவுதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரின் பெரிய பிரச்சினை ஃப்ளோரைடு. குழந்தைகள் பல்லில் காவிக்கறை, பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போவது எல்லாம் அதனால் வந்தவை. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து தரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது, ஃப்ளோரைடைத் தனியாகப் பார்க்க அதனால் முடியாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனாலே கூடாது. மொத்த எண் 400 என்று நன்றாகக் காட்டும் போர் தண்ணீரில்கூட 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் சுண்டும்போது இன்னும் அடர்த்தியாகும். மீட்டர் நல்ல எண் காட்டுகிறது என்று போர் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் பாட்டிலில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அக்கம்பக்கத்துக்கும் சொல்லுங்கள்.

தொங்கு தராசு

மேலே கொக்கி, கீழே கொக்கி, நடுவில் எண் காட்டும் சின்னக் கருவி. 50 கிலோ வரை தூக்கும். புளி விற்கும்போது, பழக் கூடை போகும்போது, வீட்டிலேயே ஒருமுறை எடை தெரிந்துகொள்ளலாம். இதை வைத்து யாருக்கும் விற்கக் கூடாது, வியாபாரத்துக்கு முத்திரையிட்ட தராசுதான் சட்டப்படி செல்லும். நம் கணக்குக்கு மட்டும். வாங்கியதும் ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பாட்டிலோடு சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காட்டினால் சரி.

கேஸ் சிலிண்டரையும் பார்க்கலாம். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ இருக்க வேண்டும். வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டையிலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், இறக்கும்போதே தொங்கவிட்டுச் சரிபார்க்கலாம். தூக்கும்போது இருவர் வேண்டும். மாதக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளவும் அம்மாவுக்கு இது பிடித்துப்போனது.

மற்றவை சுருக்கமாக. கரண்ட் போனாலும் வைஃபை பெட்டி ஓட, பேட்டரி உள்ள மினி யூ.பி.எஸ். வாங்கினால், பழைய அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணும் யூ.பி.எஸ். வோல்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 12. சாவி எங்கே என்று போன் வழியாகக் கண்டுபிடிக்க, சாவியில் கோக்கும் டேக் வீட்டுக்குள் நன்றாக உதவும். வெளியே தொலைந்தால் பக்கத்தில் வருகிறவர்களின் போன்களை நம்பித்தான் அது இடம் சொல்லும், ஆள் நடமாட்டம் இல்லாத தோப்பில் வேலைக்கு ஆகாது. காதில் வைக்கும் ப்ளூடூத் பெரியவர்களுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம், சீக்கிரம் தொலைந்துவிடும்.

கொடுத்துவிட்டு வரும்போது

பெட்டியோடு கொடுக்காதீர்கள். பிரித்து, சார்ஜ் போட்டு, வைக்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வாருங்கள். நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள், அப்புறம் அவர்களை மூன்று முறை செய்யச் சொல்லிக் கை கட்டிப் பாருங்கள். இடையில் பிடுங்கிச் செய்துவிடக் கூடாது. ஒரு அட்டையில் தமிழில் பெரிதாக, "சிவப்பு லைட் எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, பச்சை வந்தால் எடுத்துவிடவும்" என்பது போல இரண்டு மூன்று வரி எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சார்ஜ் போடுவது கட்டில் மேலோ துணிமணி நடுவிலோ வேண்டாம், தரையிலோ கல் மேடையிலோ இருக்கட்டும். சாவி டேக், சின்ன ரிமோட் இவற்றில் இருக்கும் வட்டக் காசு பேட்டரியைப் பேரன் பேத்தி கைக்கு எட்டவே விடாதீர்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊதிப்போன பவர் பேங்கை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே ஒரு மண் சட்டியில் தனியாக வைத்து, அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.